தரவு மாறும்போது சார்ட் என்ன செய்ய வேண்டும்: மூன்று வழிகளின் ஒப்பீடு

ஒரு சென்சாரின் ஒரு நாள் அளவீடுகள் கோட்டுச் சார்ட்டாகத் திரையில் இருக்கின்றன. பார்ப்பவர் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் இழுத்துப் பெரிதாக்கி, தேவையில்லாத இரண்டு கோடுகளை லெஜண்டில் (எந்த நிறம் எந்தக் கோடு என்று சொல்லும் பட்டியலில்) அணைத்துவிட்டு, ஓரிடத்தில் மதிப்பு ஏன் திடீரென ஏறியது என்று உற்றுப் பார்க்கிறார். அந்த நேரம் பார்த்துப் புதுத் தரவு வருகிறது. சார்ட் ஒரு தடவை மினுங்கிவிட்டு முழு நாளையும் மறுபடி காட்டுகிறது. பெரிதாக்கியது போய்விட்டது, அணைத்த கோடுகள் திரும்ப வந்துவிட்டன, புள்ளியின் மதிப்பைக் காட்டிய டூல்டிப்பைக் காணோம். தரவில் பிழை இல்லை, வரைந்ததிலும் பிழை இல்லை. ஆனால் அவருடைய வேலை கலைந்துவிட்டது.

சார்ட் லைப்ரரிகளை (சார்ட் வரைய ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்புகளை) ஒப்பிடும் பேச்சு பெரும்பாலும் எது அழகு, எது வேகம், எது சின்னது என்றுதான் போகிறது. தரவு மாறிக்கொண்டே இருக்கும் செயலிக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: புதுத் தரவு வரும்போது, பயனர் ஏற்கெனவே செய்து வைத்ததை இது காப்பாற்றுமா? இதை முன்னே வைத்துப் பார்த்தால் லைப்ரரியின் பெயர் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. புதுப்பிக்கும் முறைதான் முதல் தேர்வு.

முறைகள் மூன்றே. இருப்பதை அழித்துவிட்டு மறுபடி வரைவது ஒன்று. புது நிலை முழுவதையும் லைப்ரரியின் கையில் கொடுத்து, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை அதையே கண்டுபிடிக்கச் சொல்வது இரண்டு. எது மாறியது என்று நாமே குறிப்பாகச் சொல்வது மூன்று. ஏறக்குறைய எல்லா லைப்ரரியும் இந்த மூன்றில் ஒன்றை இயல்பாகச் செய்யும், மற்றதை இழுத்துப் பிடித்தால் செய்யும்.

என்ன மாறுகிறது?

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் மாற்றத்தின் வகையைப் பார்த்துவிட வேண்டும். பயனர் டிராப்டவுனில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் தரவு மொத்தமாக மாறுகிறது. பழையதற்கும் புதியதற்கும் உறவே இருக்காது. ஃபில்டரை நகர்த்தினால் அதே பொருள்களில் சில மறைகின்றன, சில வருகின்றன, சிலவற்றின் மதிப்பு மாறுகிறது. நேரடி ஓட்டமாக இருந்தால் பழையது அப்படியே இருக்க, வால் பக்கம் மட்டும் நீள்கிறது. நாலாவதாக, தரவு மாறவே இல்லை, பார்வை மட்டும் மாறுகிறது: ஜூம், வரிசைப்படுத்துதல், நிறம் மாற்றுதல் போன்றவை.

இந்த நான்கையும் ஒரே மாதிரி நடத்துவதால்தான் பல டாஷ்போர்டுகள் எரிச்சலூட்டுகின்றன. முதல் வகைக்கு ஜூம் போவது நியாயம், போகத்தான் வேண்டும். மூன்றாம் வகைக்கு அது போனால் குற்றம்.

அழித்துவிட்டு மறுபடி வரைவது

இதை மட்டமான வழியாக நினைக்கத் தேவையில்லை. ஆப்சர்வபிள் பிளாட் என்ற லைப்ரரி முழுக்க இந்த எண்ணத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது: தரவைக் கொடுத்தால் ஒரு புதிய எஸ்விஜி (தனித்தனி உருக்களால் ஆன படம்) கிடைக்கும், பழையதை எடுத்துவிட்டு அதை வைத்துக்கொள்ளலாம். ஆர் மொழியில் வலைச் செயலி எழுத உதவும் ஷைனியில் ரெண்டர்பிளாட் செய்வதும் இதுதான். சர்வரிலேயே வரைந்து, முடிந்த படமாக பிரவுசருக்கு அனுப்பிவிடுகிறது. நிலை என்று ஒன்று சார்ட்டுக்குள் தங்காததால் பிழை ஒளிந்துகொள்ளவும் இடமில்லை. எந்தத் தரவைக் கொடுத்தோமோ அதுதான் திரையில் இருக்கும்.

சில நூறு புள்ளிகள், பயனர் பொத்தானை அழுத்தினால் மட்டும் மாறும் சார்ட் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனால் மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, பழைய சார்ட்டை ஒழுங்காக விடுவிப்பது. சார்ட்.ஜேஎஸ் என்ற லைப்ரரி இதில் கறார்: பழையதை டெஸ்ட்ராய் செய்யாமல் அதே கேன்வாஸில் (பிக்சல்களாக வரையும் பரப்பில்) இன்னொன்றை உருவாக்கப் போனால், கேன்வாஸ் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை காட்டி நின்றுவிடும். அப்படி நின்றுவிடுவது நல்லதுதான். சத்தமில்லாமல் விட்டுவிடும் லைப்ரரிகளில் பழைய ஈவென்ட் லிசனர்கள் (பயனரின் செயலுக்காகக் காத்திருக்கும் நிரல்கள்) நினைவகத்தில் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு, அழித்ததற்கும் வரைந்ததற்கும் இடைப்பட்ட நொடியில் சார்ட்டின் உயரம் பூஜ்யமாகி, கீழே இருப்பதெல்லாம் மேலே குதிக்கும். வெளிப்பெட்டிக்கு உயரத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் போதும். மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: ஒவ்வொரு தடவையும் தொடக்க அனிமேஷன் மறுபடி ஓடும். பட்டைகள் பூஜ்யத்திலிருந்து எழுந்து வரும். 80இல் இருந்தது 82 ஆனதுதான் செய்தி; சார்ட்டோ எல்லாம் விழுந்து மறுபடி எழுந்ததாகக் காட்டுகிறது. இது அலங்காரப் பிரச்சினை இல்லை, தவறான தகவல். இந்த முறையை எடுத்தால் அனிமேஷனை அணைத்துவிடுங்கள்.

முழு நிலையைக் கொடுத்து ஒப்பிடச் சொல்வது

பெரும்பாலான செயலிகளுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். இதில் சூட்சுமங்களும் அதிகம், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

2015இல் திறமூலமான பிளாட்லியின் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் நியூபிளாட் என்ற செயற்கூறு புதிதாக வரையும். ரியாக்ட் என்ற இன்னொன்றும் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் வலைப்பக்கம் கட்டப் பயன்படும் ரியாக்ட் லைப்ரரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நியூபிளாட்டுக்குக் கொடுக்கும் அதே உள்ளீடுகளை இதற்குக் கொடுத்தால், இருக்கும் சார்ட்டோடு ஒப்பிட்டுத் தேவையானதை மட்டும் மாற்றும். ஆனால் அது வரிசையின் உள்ளே புகுந்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுவதில்லை, அதே வரிசையா வேறு வரிசையா என்று மட்டும் பார்க்கும். பழைய வரிசையிலேயே புது எண்ணைத் தள்ளிவிட்டுக் கூப்பிட்டால் ஒன்றும் மாறவில்லை என்று முடிவு செய்து சும்மா இருந்துவிடும். புது வரிசையாகக் கொடுக்க வேண்டும், அல்லது டேட்டாரிவிஷன் என்ற அமைப்பின் மதிப்பை மாற்றிச் சொல்ல வேண்டும்.

பிளாட்லியில் எனக்கு மிகவும் பிடித்தது யுஐரிவிஷன் என்ற சின்ன அமைப்பு. அதற்கு ஏதாவதொரு மதிப்பைக் கொடுக்கிறோம். அடுத்த புதுப்பிப்பில் அதே மதிப்பு வந்தால், பயனர் செய்த ஜூம், லெஜண்டில் அணைத்த கோடுகள் எல்லாம் அப்படியே நிற்கும். மதிப்பு மாறினால் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போகும். இப்போது அந்த மதிப்பாக, பயனர் தேர்ந்தெடுத்திருக்கும் சென்சாரின் பெயரையே கொடுத்துப் பாருங்கள். அதே சென்சாருக்குப் புது அளவீடு வந்தால் ஜூம் அசையாது. அவர் வேறு சென்சாருக்கு மாறினால் பெயர் மாறுகிறது, ஜூமும் தானாகக் கலைகிறது. எது புது அளவீடு, எது புதுப் பொருள் என்ற வேறுபாடு முழுவதையும் ஒரே வரி சொல்லிவிடுகிறது. மற்ற லைப்ரரிகளில் இதே நடத்தையை நாமே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

சீன நிறுவனமான பைடுவில் பிறந்து அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போன ஈசார்ட்ஸ் லைப்ரரி இதே வேலையைக் கொஞ்சம் வேறு மாதிரி செய்கிறது. செட்ஆப்ஷன் என்று புது அமைப்பைக் கொடுத்தால் அது பழையதோடு சேர்த்துக்கொள்ளும். மாற்றாது, சேர்க்கும். இதுதான் அதன் பலம், தடுக்கிவிடும் இடமும் இதுதான். ஐந்து கோடுகள் இருந்த சார்ட்டுக்கு மூன்று கோடுகள் மட்டும் உள்ள புது அமைப்பைக் கொடுத்தால், மீதி இரண்டு பழைய கோடுகள் போகாமல் அப்படியே நிற்கும். சேர்க்காதே என்று சொல்லும் நாட்மெர்ஜ் உண்டு, ஆனால் அது எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிவிடும். அப்புறம் முதல் முறைக்கே திரும்பிவிட்டோம். 5ஆம் பதிப்பில் உள்ள ரீப்ளேஸ்மெர்ஜ்தான் சரியான நடுவழி: கோடுகளின் பட்டியலை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்று சொல்லலாம். கோடுகளுக்கு நிலையான ஐடி கொடுத்துவிட்டால் எது எதனுடைய தொடர்ச்சி என்பதும் குழம்பாது. ஜூமைப் பொறுத்தவரை, ஒவ்வொரு புதுப்பிப்பிலும் ஜூமுக்கான டேட்டாஜூம் அமைப்பின் தொடக்கத்தையும் முடிவையும் மறுபடி அனுப்பாமல் இருந்தாலே போதும், பயனர் வைத்தது நிற்கும்.

சார்ட்.ஜேஎஸ் இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் நடுவில் இருக்கிறது. தரவை நாமே அந்த ஆப்ஜெக்டுக்குள் மாற்றிவிட்டு அப்டேட் என்று கூப்பிடுகிறோம். பழைய டேட்டாசெட் ஆப்ஜெக்டை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் எண்களை மட்டும் மாற்றினால் கோடு பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு அழகாக நகரும். பார்க்க எளிது, பத்து நிமிடத்தில் வேலை முடியும், சிறிய செயலிக்கு இதுவே போதும்.

டி3 தனிக்கதை. ஸ்டான்ஃபோர்டில் மைக் பாஸ்டாக், வாடிம் ஓகிவெட்ஸ்கி, ஜெஃப்ரி ஹீர் மூவரும் 2011இல் வெளியிட்ட இந்த லைப்ரரியின் மையமே தரவு மாறும்போது என்ன செய்வது என்பதுதான். தரவையும் திரையில் உள்ள உருக்களையும் இணைத்தால் மூன்று கூட்டங்கள் கிடைக்கும்: புதிதாக வந்தவை, இருந்துகொண்டே மதிப்பு மாறியவை, இனி இல்லாதவை. ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று நாம் தனித்தனியாகச் சொல்கிறோம். மற்ற லைப்ரரிகள் மூடி வைத்திருக்கும் முடிவை இது நம் கையில் கொடுத்துவிடுகிறது.

அந்த இணைப்பில் விசை (எது எந்தப் பொருள் என்று அடையாளம் காட்டும் மதிப்பு) கொடுப்பதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய ஐந்து பட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். புதுத் தரவில் ஐந்தாவது பொருள் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டது. விசை கொடுக்காவிட்டால் டி3 வரிசை எண்ணை வைத்து இணைக்கும். இரண்டாம் பட்டை இரண்டாம் இடத்திலேயே இருந்து கொஞ்சம் நீளம் மாறும், அதன் பெயர் மட்டும் சட்டென்று வேறாகும். ஏறியது யார் என்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பொருளின் ஐடியை விசையாகக் கொடுத்தால் அதே பட்டை கீழிருந்து மேலே பயணம் செய்யும், தாண்டப்பட்டவை வழிவிட்டு இறங்கும். எண்கள் இரண்டிலும் ஒன்றே. பார்ப்பவருக்குப் புரிவது முற்றிலும் வேறு.

நகரும் கோட்டிலும் இதே சிக்கல் வருகிறது. இடது ஓரத்தில் ஒரு புள்ளி போய், வலது ஓரத்தில் ஒன்று சேர்கிறது என்றால் கோடு இடப்பக்கம் வழுக்கிப் போக வேண்டும். பாதையின் பழைய வடிவத்தையும் புது வடிவத்தையும் மட்டும் கொடுத்து அனிமேஷன் செய்தால், ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியின் உயரத்துக்கு மேலும் கீழுமாக நெளியும். மதிப்புகள் அலைபாய்வது போலத் தோன்றும், ஆனால் எந்தப் பழைய மதிப்பும் மாறவில்லை. கோட்டின் வடிவத்தைத் தொடாமல், கோடு இருக்கும் குழுவை முழுசாக இடப்பக்கம் நகர்த்துவதுதான் இதற்கு வழி. அது கடினமாக இருந்தால் அனிமேஷனே வேண்டாம்.

ரியாக்ட், வியூ.ஜேஎஸ் போன்ற வலைப்பக்கம் கட்டும் லைப்ரரிகளோடு சேர்க்கும்போது யார் திரைக்குப் பொறுப்பு என்ற கேள்வி எழும். டி3யும் ரியாக்டும் ஒரே எஸ்விஜியை மாற்றப் போனால் இரண்டில் ஒன்று தோற்கும். டி3யை அளவுகோல் கணக்குக்கும் பாதை எழுதவும் மட்டும் வைத்துக்கொண்டு, வரைவதை ரியாக்டிடம் விடலாம். அல்லது ஒரு வெற்றுப் பெட்டியை டி3யிடம் கொடுத்துவிட்டு ரியாக்ட் அதைத் தொடாமல் இருக்கலாம். அனிமேஷன் அதிகம் வேண்டுமென்றால் இரண்டாவது, இல்லையென்றால் முதலாவது. ரியாக்ட் 18இன் ஸ்ட்ரிக்ட் மோட் என்ற சோதனை நிலையில், வளர்ச்சிச் சூழலில் எஃபெக்ட் (பகுதி திரைக்கு வந்த பின் ஓடும் நிரல்) இரண்டு தடவை ஓடும் என்பதால், சார்ட்டை விடுவிக்கும் வரியை எஃபெக்டின் துப்புரவுப் பகுதியில் எழுதாதவர்களுக்கு ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு சார்ட் கிடைக்கும். வியூ.ஜேஎஸ் 3இல் சார்ட் ஆப்ஜெக்டைச் சாதாரண ரெஃபில் (மாற்றத்தைக் கண்காணிக்கும் மாறியில்) போட்டால் அதன் உள்ளுறுப்புகளையெல்லாம் அது கண்காணிக்கத் தொடங்கிவிடும், புரியாத பிழைகள் வரும். ஷாலோரெஃப் அல்லது மார்க்ரா பயன்படுத்துங்கள்.

மாறியதை மட்டும் சொல்வது

நொடிக்குப் பல தடவை தரவு வரும்போது, முழு நிலையையும் ஒவ்வொரு முறையும் கட்டி ஒப்பிடுவது வீண். பிளாட்லியில் எக்ஸ்டெண்ட்டிரேசஸ் என்று வாலில் மட்டும் சேர்க்கலாம், எத்தனை புள்ளிக்கு மேல் பழையதைக் கழிக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்லலாம். வேகா-லைட் என்ற லைப்ரரியில் சேஞ்ச்செட் என்று, எதைச் செருகு, எதை நீக்கு என்று அனுப்பலாம். யூபிளாட் எப்படியும் வேகமானது என்பதால் செட்டேட்டா என்று வரிசையை மாற்றினாலே போதும். காலத் தொடருக்கென்றே கேன்வாஸில் எழுதப்பட்ட மிகச் சிறிய லைப்ரரி அது. அலங்காரம் குறைவு, ஆனால் கண்காணிப்புத் திரைக்கு அலங்காரம் எதற்கு?

இந்த முறையின் விலை என்னவென்றால், உண்மை இரண்டு இடத்தில் இருக்கத் தொடங்குகிறது. சர்வரில் ஒன்று, சார்ட்டுக்குள் சேர்ந்துகொண்டே வந்த இன்னொன்று. நடுவில் ஒரு செய்தி தவறினால் இரண்டும் பிரிந்துவிடும், அதற்குப் பிறகு வரும் எந்தச் செய்தியும் அதைச் சரிசெய்யாது. ஆகவே சேர்ப்பதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தக் கூடாது. இணைப்பு அறுந்து மீண்டும் வந்தால் முழு நிலையை ஒரு தடவை வாங்கி வைத்துக்கொள்ளும் பாதையும் கட்டாயம் வேண்டும். மூன்றாம் முறை என்பது உண்மையில் இரண்டாம் முறையோடு கூடுதல் வேலையும் சேர்ந்தது. அந்தக் கூடுதல் வேலைக்குத் தயார் இல்லையென்றால் இரண்டாம் முறையிலேயே இருப்பது நல்லது.

செய்தி வந்த உடனே வரைவதும் வேண்டாம். பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 தடவைதான் புதுப்பிக்கின்றன, அதாவது ஒரு படத்துக்கு ஏறக்குறைய 16.7 மில்லி நொடி. நொடிக்கு 200 செய்தி வந்தால் 200 தடவை வரைந்து யாருக்கும் பயனில்லை. வருவதை ஒரு இடத்தில் சேர்த்து வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் முன் பிரவுசர் ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் வழியாகக் கூப்பிடும்போது மொத்தமாக வரையலாம். மனிதர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய சார்ட் என்றால் நொடிக்கு ஒன்றிரண்டு தடவையே தாராளம். டேப் பின்னால் போனதும் அந்தக் கூப்பிடல் நின்றுவிடும், ஆனால் வெப்சாக்கெட் (சர்வரோடு திறந்தே இருக்கும் இணைப்பு) செய்திகள் வந்துகொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சேர்த்து வைக்கும் இடத்துக்கு ஒரு வரம்பு இல்லாவிட்டால், மதிய இடைவேளை முடிந்து திரும்பும்போது அந்த டேப் திணறும்.

அனிமேஷனின் நீளத்தையும் இங்கே பார்த்துவிட வேண்டும். சார்ட்.ஜேஎஸ் இயல்பாக ஒரு நொடி எடுத்துக்கொள்ளும். தரவு அரை நொடிக்கு ஒரு தடவை வந்தால், பழைய மதிப்பிலிருந்து புதியதற்குப் போகும் வழியிலேயே அடுத்தது வந்துவிடும். திரையில் எந்த நேரத்திலும் உண்மையான மதிப்பு இருக்காது, எப்போதும் இரண்டுக்கும் நடுவில் ஒரு கற்பனை எண்தான். நேரடி ஓட்டத்தில் அப்டேட்டுக்கு நன் (none, 'எதுவும் வேண்டாம்') என்ற முறையைக் கொடுத்து அனிமேஷனை அணைத்துவிடுங்கள். அசைவைக் குறைக்கும்படி இயங்குதளத்தில் அமைத்திருப்பவர்களுக்கு எப்படியும் அணைக்கத்தான் வேண்டும், அதை பிரவுசர் நமக்குச் சொல்லும்.

அச்சின் எல்லையும் தரவோடு சேர்ந்து துள்ளக் கூடாது. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் மிகச் சிறிய மதிப்புக்கும் மிகப் பெரிய மதிப்புக்கும் அச்சைப் பொருத்தினால், ஒன்றும் நடக்காத நேரத்திலும் கோடு ஆடிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் இடம் விட்டு எல்லையை வைத்து, மதிப்பு வெளியே போனால் மட்டும் நீட்டுவது மேல்.

புள்ளிகள் அதிகமானால்

எஸ்விஜியில் ஒவ்வொரு புள்ளியும் பிரவுசர் தூக்கிச் சுமக்கும் ஓர் உறுப்பு. சில ஆயிரம் வரை தாங்கும், புதுப்பிப்பு அடிக்கடி நடந்தால் அதற்கும் முன்பே மூச்சு வாங்கும். கேன்வாஸ் அதைத் தாண்டியும் ஓடும், ஆனால் பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான்களுக்கு அது ஒரு வெற்றுப் படம்தான். பக்கத்தில் எண்களின் அட்டவணையோ சுருக்கமோ கொடுப்பது நம் பொறுப்பு. ஈசார்ட்ஸில் இரண்டில் எதையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

எப்படியும் 1,200 பிக்சல் அகலத்தில் ஒரு லட்சம் புள்ளிகளை யாரும் பார்க்க முடியாது. ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஸ்வைன் ஸ்டெய்னார்சன் 2013இல் தன் ஆய்வேட்டில் விவரித்த எல்டிடிபி என்ற முறை, கோட்டின் தோற்றம் கெடாமல் புள்ளிகளைக் குறைக்கிறது. சார்ட்.ஜேஎஸ், ஈசார்ட்ஸ் இரண்டிலும் இது உண்டு. ஆனால் ஒற்றை உச்சத்தைத் தவறவிடக் கூடாத இடத்தில், ஒவ்வொரு பகுதியின் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் வைத்துக்கொள்ளும் எளிய முறையே நம்பகமானது. நகரும் தரவில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பகுதிகளை முதல் புள்ளியிலிருந்து எண்ணிப் பிரித்தால், ஒரு புள்ளி போனதும் எல்லாப் பகுதியின் எல்லையும் நகர்ந்து வேறு புள்ளிகள் தேர்வாகும். பழைய கோடு காரணமில்லாமல் நடுங்கும். கடிகார நேரத்தின் நிலையான எல்லைகளை வைத்துப் பிரித்தால் அந்த நடுக்கம் நிற்கும்.

சர்வரே சார்ட்டை ஓட்டும்போது

பைத்தானிலோ ஆர் மொழியிலோ எழுதுபவர்களுக்கு இந்த முடிவுகளில் பாதியை அவர்களின் கட்டமைப்பே எடுத்துவிடுகிறது. பைத்தானின் ஸ்ட்ரீம்லிட் ஒவ்வொரு ஊடாட்டத்துக்கும் முழு நிரலையும் மேலிருந்து ஓட்டுகிறது. எழுத மிக எளிது, ஒரே மதியத்தில் காட்டக்கூடிய ஒன்று தயாராகிவிடும். பக்கம் பெரிதானால் கனக்கும். 2024இல் வந்த ஃபிராக்மென்ட் வசதியால் ஒரு பகுதியை மட்டும், வேண்டுமானால் இத்தனை நொடிக்கு ஒரு தடவை என்று, தனியாக ஓட்டலாம். நேரடிச் சார்ட்டை அதற்குள் வையுங்கள்.

ஷைனி எது எதைச் சார்ந்திருக்கிறது என்று தானே கவனித்து, தேவைப்படும் வெளியீட்டை மட்டும் மறுபடி கணக்கிடும். அந்த வெளியீடு என்னவோ முழுசாகத்தான் வரையப்படும். பிளாட்லி சார்ட் என்றால் பிளாட்லிபிராக்சி வழியாக, பிரவுசரில் ஏற்கெனவே நிற்கும் சார்ட்டுக்குச் சின்னக் கட்டளைகளை அனுப்பலாம். பைத்தானின் டேஷில் கால்பேக் (பயனர் எதையாவது மாற்றினால் ஓடும் செயற்கூறு) முழு ஃபிகரையும் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். பெரிய தரவாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் அது மொத்தமும் பயணம் செய்யும். 2.9 பதிப்பில் வந்த பேட்ச், மாறிய பகுதியை மட்டும் அனுப்ப விடுகிறது. மூன்றில் நான் டேஷையோ ஷைனியையோ தேர்ந்தெடுப்பேன், காரணம் முதல் பத்தியில் சொன்ன பயனரைக் காப்பாற்ற அவற்றில் நேரடியான வழி இருக்கிறது.

ஸ்லைடரை இழுக்கும்போது நடுவில் வரும் ஒவ்வொரு மதிப்புக்கும் சர்வருக்குப் போய்வர வேண்டாம். டேஷின் ஸ்லைடர் இயல்பாக விரலை எடுத்த பிறகே சொல்லும், ஷைனியில் அசைவு நிற்கும் வரை காத்திருக்கும் டிபவுன்ஸ் இருக்கிறது.

தரவு வந்து சேரும் வழி

நிமிடத்துக்கு ஒரு தடவை மாறும் தரவுக்கு, நாமே போய்க் கேட்டு வாங்கும் போலிங் போதும். அதைவிட நவீனமாக ஏதாவது வேண்டுமே என்று தேடாதீர்கள். சர்வர் தள்ளிவிட வேண்டும், பிரவுசர் பதில் சொல்லத் தேவையில்லை என்றால் சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் பொருத்தம். இணைப்பு அறுந்தால் தானாக மீண்டும் இணையும், கடைசியாக வந்த செய்தியின் ஐடியையும் சர்வரிடம் சொல்லும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எழுத்து வடிவத் தரவை மட்டுமே அனுப்ப முடியும். எச்டிடிபி 1.1இல் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்பு என்ற வரம்பும் உண்டு, நிறைய டேப் திறப்பவர்கள் அதில் மாட்டுவார்கள். எச்டிடிபி 2இல் அந்தத் தொல்லை இல்லை. 2011இல் தரமாக்கப்பட்ட வெப்சாக்கெட் இரு பக்கமும் பேசும், பைனரியும் போகும், ஆனால் மீண்டும் இணைவது முதல் எல்லாவற்றையும் நாம் எழுத வேண்டும். சார்ட்டுக்காக மட்டும் என்றால் அது தேவைப்படுவது அபூர்வம்.

எந்த வழியாக இருந்தாலும் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். பயனர் முதலில் அ என்பதைத் தேர்ந்தெடுத்து, உடனே ஆவுக்கு மாறுகிறார். ஆவின் பதில் முதலில் வந்துவிடுகிறது, அவின் பதில் தாமதமாக வந்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறது. தலைப்பில் ஆ, சார்ட்டில் அ. எந்தப் பிழைச் செய்தியும் வராது. அபார்ட்கண்ட்ரோலர் வைத்துப் பழைய கோரிக்கையை ரத்து செய்யுங்கள், அல்லது கோரிக்கைக்கு எண் போட்டுக் கடைசி எண்ணுக்கு வந்த பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இதை எந்தச் சார்ட் லைப்ரரியும் நமக்காகச் செய்யாது.

எதை எடுப்பது

ஃபில்டர், டிராப்டவுன், ஜூம் என்று மக்கள் தோண்டிப் பார்க்கும் அறிக்கைப் பக்கமா? இரண்டாம் முறை, பிளாட்லி ரியாக்டும் யுஐரிவிஷனும். சார்ட் வகைகள் நிறைய வேண்டும், தரவும் பெரிது என்றால் ஈசார்ட்ஸ், ரீப்ளேஸ்மெர்ஜோடு. இரண்டு மூன்று எளிய சார்ட் உள்ள சிறிய செயலிக்கு சார்ட்.ஜேஎஸ். எதுவெல்லாம் ஏறியது, இறங்கியது என்ற அசைவே செய்தியாக இருக்கும் இடத்தில், உழைப்புக்கு அஞ்சாமல் டி3, விசையோடு. நாள் முழுக்க ஓடும் கண்காணிப்புத் திரைக்கு யூபிளாட், அனிமேஷன் இல்லாமல், சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் வழியாக. மாதம் ஒருமுறை மாறும் தரவுக்கு அழித்து வரையுங்கள், நிம்மதி.

முடிவு எதுவானாலும் லைப்ரரியின் கட்டளைகளைச் செயலி முழுக்கத் தூவி வைக்காமல், சார்ட்டைச் சுற்றி மெல்லிய ஓர் உறை எழுதிக்கொள்ளுங்கள். வெளியே மூன்று கட்டளைகள் போதும்: தரவை மாற்று, வாலில் சேர், பார்வையைத் திருப்பி வை. மாற்று என்பதோடு, எந்தப் பொருளின் தரவு இது என்ற அடையாளமும் சேர்ந்து போக வேண்டும். அடையாளம் அதேதான் என்றால் உறை ஜூமைத் தொடாது, வேறென்றால் கலைக்கும். பழைய கோரிக்கையின் பதில் தாமதமாக வந்தால் அதை ஒதுக்குவதும் அதே அடையாளத்தை வைத்துத்தான். இப்படி இருந்தால், போலிங்கில் தொடங்கிய சார்ட்டை ஒரு வருடம் கழித்து நேரடி ஓட்டத்துக்கு மாற்றும்போது உறைக்குள் மட்டும் கை வைத்தால் போதும்.